தட்டாத ஒன்பது முறை

"மனமார நன்றி சொல்லாத பிரிவுகள், ஏன் சொல்லவில்லை என்பதற்கு மூன்று நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும்."

நான் இட்டுக்கட்டவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில், முத்திரை குத்தி ஒட்டியிருந்த சுற்றறிக்கையின் கடைசி வரி இது. படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததோடு அந்தப் பலகைப் பக்கமே திரும்பாமல் இருந்துவிட்டேன். அதற்காக இன்றைக்கு வரை என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே இருக்கும் தளத்தில். ஆபரேஷனில் வெட்டவும் பிடிக்கவும் தைக்கவும் பயன்பட்ட கருவிகள் எல்லாம் ரத்தமும் சதையுமாக லிஃப்டில் இறங்கி எங்களிடம்தான் வரும். கழுவி, சோதித்து, துணியில் கட்டி, ஆவி இயந்திரத்தில் வைத்து எடுத்து மறுபடி மேலே அனுப்புவோம். ஒரு ஆபரேஷனுக்கு வேண்டிய கருவிகள் மொத்தமாக ஒரு தட்டில் இருக்கும். அதை நாங்கள் 'செட்' என்போம்.

எங்கள் தளம் நடுவில் சுவர் வைத்துப் பிரித்தது. அந்தப் பக்கம் அழுக்கு, இந்தப் பக்கம் சுத்தம். அங்கே கழுவுகிறவர்கள் இங்கே வரக்கூடாது, இங்கே கட்டுகிற நாங்கள் அங்கே போகக்கூடாது. வாசலும் வேறு, உடை மாற்றும் அறையும் வேறு, டீ குடிக்கும் நேரமும் வேறு. சுவரில் இரண்டு முழ அகலத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு ஜன்னல் மட்டும் உண்டு. கழுவிய செட் அந்த ஜன்னல் வழியாக என்னிடம் வரும். விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து ஒவ்வொரு கத்தரியையும் விரித்துப் பார்ப்பேன். சரியாக இருந்தால் கட்டி அனுப்புவேன். கறை இருந்தால் சிவப்புச் சீட்டு எழுதி அதே ஜன்னல் வழியாகத் திருப்பி அனுப்புவேன். சீட்டில் மூன்று கட்டம்: செட் நம்பர், கழுவியவர் நம்பர், காரணம். சிவப்புச் சீட்டு இல்லாமல் ஒரு ஊசிகூட இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திரும்பிப் போக முடியாது. அது சட்டம்.

கறை இருந்தால் சீட்டு. இல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது. 'நன்றாகக் கழுவியிருக்கிறது' என்று எழுதி அனுப்ப எந்தச் சீட்டும் இல்லை. அது ஒரு குறை என்று எங்கள் யாருக்கும் தோன்றியதும் இல்லை. வேலையைச் சரியாகச் செய்வதற்குத்தானே சம்பளம், அதற்கு என்ன ஆரத்தியா எடுப்பார்கள்?

அந்தப் பக்கம் கழுவுகிறவர்கள் நாலு பேர். அதில் மூத்தவருக்கு ஐம்பத்தேழு வயது, ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம். எல்லோரும் சேர்ந்து அவருக்கு வைத்த பெயர் 'சந்தேகம்'. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, நான் அண்ணே என்பேன். எலும்பில் துளை போடும் முனைகள், வயிற்றுக்குள் விட்டு வேலை செய்யும் நீளக் குழல்கள் என்று கழுவுவதற்கே பிராணன் போகும் செட்டெல்லாம் அவர் கைக்குத்தான் வரும். மற்றவர்கள் கிண்ணமும் தட்டுமாகப் பார்த்து முன்னாலேயே இழுத்துக்கொண்டுவிடுவார்கள். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். நீள பிரஷை எடுத்துக் குழலுக்குள் விட்டு, எண்ணி எண்ணித் தேய்ப்பார்.

தேய்த்து அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பாரா என்றால் அதுதான் இல்லை. பத்து நிமிஷம் கழித்து ஜன்னலில் டொக் டொக் என்று சத்தம் கேட்கும்.

"தங்கச்சி, அந்த நாலாவது செட்ட திருப்பிக் குடும்மா. நீளக் குழல்ல கடைசி வளைவு எனக்குத் திருப்தியா இல்ல."

"அண்ணே, நான் பாத்துட்டேன். பளிச்சுன்னு இருக்கு."

"வெளிய பளிச்சுன்னுதான் இருக்கும். உள்ள உன் கண்ணாடி போகாதேம்மா."

"அதான் ஆவியில வெக்கப் போறோமே?"

"ஆவி கிருமியக் கொல்லும். உள்ள ஒட்டிக்கிட்டிருக்கற சதைய அது என்ன பண்ணும்? கை கழுவி முடிச்சிருச்சு தங்கச்சி. மனசு இன்னும் கழுவிக்கிட்டே இருக்கு. குடு."

நான் பெருமூச்சு விட்டுக்கொண்டே சிவப்புச் சீட்டை எடுப்பேன். சீட்டு இல்லாமல் திருப்ப முடியாதே. செட் நம்பர், அவர் நம்பர். காரணம் என்ற கட்டத்தில் 'சந்தேகம்' என்று எழுதுவேன். நாலு தடவை திரும்பிப் போனால் மூன்று தடவை ஒன்றும் இருக்காது. நாலாவது தடவை பிரஷ் நுனியில் கடுகளவு ஏதோ ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்து எனக்குக் காட்டுவார். அப்போது அவர் கண்ணில் ஜெயித்துவிட்ட பெருமை இருக்காது, பயம்தான் இருக்கும். அந்தக் கடுகளவு யாருடைய முழங்காலுக்குள் போயிருக்கும் என்ற பயம்.

அதற்கு நான் என்ன சொல்வேன் தெரியுமா? "சரி சரி, சீக்கிரம் குடுங்கண்ணே, மேலேருந்து போன் மேல போன் வருது." பதினோரு வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஊழியர் நலனைப் பார்க்க என்று ஒரு புது அதிகாரி மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்தார். எதிரில் பார்த்தால் வணக்கத்துக்குப் பதில் "வேலைக்கு வந்ததுக்கு நன்றி" என்பார். ஒரே வாரத்தில் அவருக்கு 'நன்றி சார்' என்று பெயர் நிலைத்துவிட்டது. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் திட்டுவதற்கு எனக்கு வசதியாக இருந்திருக்கும். வேலை செய்யும் இடத்தில் பாராட்டு இல்லாததுதான் எல்லா நோய்க்கும் காரணம் என்று அவர் எங்கேயோ பயிற்சி வகுப்பில் கேட்டுவிட்டு வந்திருந்தார். அது உண்மைதான். உடனே பாராட்டுக்கும் ஒரு அட்டை அச்சடித்துவிட்டார். பச்சை அட்டை. யாருக்கு, எதற்காக நன்றி என்று எழுதி லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். ஒவ்வொரு பிரிவும் மாதம் நாற்பது அட்டை போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால்தான் அந்த மூன்று நாள் விளக்கம்.

அப்புறம் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டுமா? "நீ எனக்கு ரெண்டு, நான் உனக்கு ரெண்டு" என்று பண்டமாற்று ஆரம்பித்தது. 'லிஃப்டில் இடம் விட்டதற்கு நன்றி.' 'பேனா கடன் கொடுத்ததற்கு நன்றி.' 'வாரம் முழுக்கச் சிரித்த முகமாக இருந்ததற்கு நன்றி' என்று ஒருத்திக்கு வந்தது, அவள் அந்த வாரம் முழுக்க லீவில் இருந்தாள். கழுவுகிறவர்களில் ஒருவர் உண்டு, சட்டைக் காலர்கூட மடங்காது, 'பளபளா' என்று கூப்பிடுவோம். கிண்ணத்தைத் தவிர எதையும் தொடமாட்டார், ஆனால் மூன்றாவது மாடிக்குத் தினமும் ஒரு காரணத்தோடு போய்வருவார். அவருக்கு மட்டும் ஆறு மாதத்தில் முப்பத்தொரு அட்டை.

நான் ஒன்றுகூட எழுதவில்லை. "என் மனசுல இருந்து வராத நன்றிய என் பேனா எழுதாது" என்று வசனம் பேசினேன். சூபர்வைசர் கெஞ்சியும் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார். நான் மசியவில்லை. ஊரே ஆடும்போது நான் ஒருத்தி ஆடாமல் நிற்கிறேன் என்று தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

ஆறு மாதம் முடிந்ததும் விழா வைத்தார்கள். கேக் வெட்டினார்கள். பளபளாவுக்கு நட்சத்திரப் பதக்கம் குத்தி, மூங்கில் செடிப் படத்துக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். கைதட்டல் போதவில்லை என்று நன்றி சார் இரண்டு கையையும் தூக்கி "இன்னும் பலமா" என்று காட்டினார். கேட்டு வாங்குவதற்குப் பெயர் கைதட்டலா? கேக்கை மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை சூபர்வைசர் ஒரு காகிதத்தோடு என் மேஜைக்கு வந்தார்.

"இந்தச் சீட்டெல்லாம் உங்க கையெழுத்துதான்னு ஒரு உறுதி வேணும். கீழ கையெழுத்துப் போடுங்க."

"எதுக்கு?"

"விசாரணைக் குழுவுக்கு. பச்சைக்கு ஒரு மார்க் கூட்டி, சிவப்புக்கு ஒரு மார்க் கழிச்சு, கடைசியா நிக்கிறவர வேலையிலிருந்து விடுவிக்கறாங்க. ரெண்டு மாசம் முன்னாடியே நோட்டீஸ் ஒட்டுனோமே, பாக்கலையா?"

காகிதத்தைப் பார்த்தேன். கடைசி ஒரு வருடத்தில் சிவப்பு ஐம்பத்து நாலு, பச்சை பூஜ்யம். மேலே எழுதியிருந்தது அண்ணனின் நம்பர்.

ஐம்பத்தேழு வயதில் வெளியே அனுப்பினால் அந்த மனிதரை யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? அதுவும் எந்தக் குற்றத்துக்காக? நான் எழுதிய சீட்டுக்காக! கையெழுத்துப் போடாமல் அப்படியே மூன்றாவது மாடிக்கு ஏறினேன். சுத்தப் பக்கத்து உடையோடு வெளியே போகக்கூடாது என்ற விதிகூட அப்போது நினைவில் இல்லை.

"சார், இது அநியாயம்" என்றேன், உட்காராமலே.

"உங்க கோபத்துக்கு முதல்ல நன்றி மேடம். கோபம் வருதுன்னா ஈடுபாடு இருக்குன்னு அர்த்தம்."

"என் கோபத்துக்கு நன்றி சொல்லாதீங்க சார், இன்னும் அதிகமாகுது. அந்த அம்பத்து நாலுல பாதிக்கு மேல அவரே கேட்டு வாங்குன சீட்டு. தன் வேலையில தனக்கே திருப்தி இல்லாம, திருப்பிக் குடுன்னு தட்டிக் கேட்டு வாங்குனது. அதத் தப்புன்னு எண்ணிட்டீங்க."

"அப்படியா? எனக்கு எப்படித் தெரியும்? சிவப்புன்னா தப்புன்னுதானே படிவத்துல இருக்கு." அவர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி எதையோ தட்டினார். "ஒரு நிமிஷம் மேடம். நீங்க அவருக்கு எத்தனை பச்சைக் கார்டு போட்டிருக்கீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே திரையைப் பார்த்துச் சொன்னார்.

"ஒண்ணுகூட இல்ல. அவருக்கு மட்டும் இல்ல, யாருக்குமே போடல நீங்க. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பதினோரு வருஷமா நிக்கிற நீங்களே அவரப் பத்தி ஒரு நல்ல வார்த்தை எழுதலன்னா, மூணாவது மாடியில இருக்கற எனக்கு அது எப்படி எட்டும்?"

அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. "விசாரணையில நான் பேசணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். காலை ஷிஃப்ட் முடிந்து மத்தியானமே வந்துவிடுவதால் வீட்டில் சமையல் அவர் கைதான். அன்றைக்குச் சாப்பிடும்போது நான் நன்றி சாரையும் பளபளாவையும் வரிசையாக நிறுத்தி வைத்துத் திட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உப்பு சரியா இருக்கா?" என்றார் நடுவில்.

"இருக்கு, இருக்கு. இப்ப அதுவா முக்கியம்?"

"இல்ல, நீ ஒண்ணும் சொல்லலையேன்னு பாத்தேன். கொறஞ்சிருந்தா மொத வாயிலயே சொல்லியிருப்ப."

முறைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

"சும்மா கத்தி என்ன ஆகப் போகுது? அந்தச் சீட்டுல காரணம்னு ஒரு கட்டம் இருக்குன்னு சொல்லுவியே, அதுல என்ன எழுதியிருக்க?"

சாப்பிட்ட கை அப்படியே நின்றது. இத்தனை நேரம் கத்தினேனே, இது எனக்குத் தோன்றவில்லை. அந்த மனிதரைக் காப்பாற்றும் சாட்சி என் கையெழுத்திலேயே இருந்திருக்கிறது.

மறுநாள் சூபர்வைசரிடமிருந்து சீட்டுக் கட்டை வாங்கி மேஜையில் பரப்பினேன். ஐம்பத்து நாலில் 'கறை' என்று எழுதியிருந்தது ஆறு. 'சந்தேகம்' என்று எழுதியிருந்தது நாற்பத்தெட்டு. மற்ற மூன்று பேருடைய சீட்டுகளையும் புரட்டினேன். அதில் ஒரு 'சந்தேகம்' கூட இல்லை. கிண்ணம் கழுவுகிறவனுக்கு என்ன சந்தேகம் வரப் போகிறது?

ஜன்னலைத் தட்டி அவரைக் கூப்பிட்டேன். பதினோரு வருடத்தில் நானாகத் தட்டியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"அண்ணே, கவலய விடுங்க. எண்ணிட்டேன். நாப்பத்தெட்டு சீட்டு நீங்களாக் கேட்டது. குழுவுல போட்டு உடைச்சிடறேன்."

மாஸ்க்குக்கு மேலே அவர் கண் மட்டும்தான் தெரிந்தது.

"எல்லா மாசமும் பாத்தியா தங்கச்சி?"

"பாத்தேன். கடைசி ரெண்டு மாசம் ஒண்ணுமே இல்ல, படு சுத்தம். அதையும் சொல்லுவேன்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அப்புறம் "மேலேருந்து செட் வருது" என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

விசாரணை வியாழக்கிழமை. மேஜைக்கு அந்தப் பக்கம் நன்றி சார், தலைமை நர்ஸ், தொற்று நோய்களைக் கவனிக்கும் டாக்டரம்மா என்று மூன்று பேர். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். தொப்பி, மாஸ்க், ரப்பர் அங்கி எதுவும் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. என்னைவிடக் குள்ளமாக இருந்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தரை உயரம் போலிருக்கிறது, இத்தனை வருடமாக நெட்டையான ஆள் என்றே நினைத்திருந்தேன்.

சீட்டுகளை இரண்டு கட்டாக மேஜையில் வைத்தேன். எனக்குப் பேச வராது என்பார்கள், திட்டத்தான் வரும். ஆனால் அன்றைக்கு வந்தது. எந்தச் செட் யாருக்கும் வேண்டாமென்று அவரிடம் தள்ளப்படுகிறது, குழலுக்குள் என் கண்ணாடி ஏன் போகாது, பிரஷ் நுனியில் வந்த கடுகு எவ்வளவு பெரிது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"இவரு தட்டுவாருங்கற தைரியத்துலதான் நான் ஒவ்வொரு செட்டையும் கட்டுனேன். என் கண்ணவிட இவரு சந்தேகத்தத்தான் நான் நம்புனேன். இத இவருகிட்ட நான் சொன்னதே இல்ல. அது என் தப்பு. அந்தத் தப்புக்கு இவர வீட்டுக்கு அனுப்பாதீங்க."

தலைமை நர்ஸ் நாற்பத்தெட்டுக் கட்டை எடுத்து மெதுவாகப் புரட்டினார். "நாலு பேருல தன் வேலையத் தானே திருப்பிக் கேட்டவர் இவர் ஒருத்தர்தான்" என்றார். டாக்டரம்மா தலையசைத்தார். நன்றி சாருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அருமை! இது ஒரு வெற்றிக் கதை. இவர் போட்டோவ மாட்டி, கீழ இந்தச் சீட்டையும் ஒட்டி வெச்சா எல்லாருக்கும் ஒரு ஊக்கமா இருக்கும்."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது அண்ணன் எழுந்து நின்றார்.

"ஒண்ணு சொல்லணும் சார்." சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார். "ரெண்டு மாசம் முன்னாடி, செவப்புக்கு மார்க்கு கழிப்போம்னு நோட்டீஸ் ஒட்டுனாங்க. அதுக்கப்பறம் எனக்கு ஒம்பது தடவ சந்தேகம் வந்துச்சு. நான் தட்டல. தேதி, செட்டு நம்பர் எல்லாம் இதுல எழுதி வெச்சிருக்கேன்."

டாக்டரம்மா எட்டி அந்தக் காகிதத்தை வாங்கினார், படித்தார், பக்கத்தில் இருந்த போனை எடுத்து ஒவ்வொரு நம்பராகச் சொல்ல ஆரம்பித்தார். எந்தச் செட் யாருக்குப் போனது என்று பார்க்கச் சொன்னார்.

"ஏன் அப்பவே சொல்லல?" நன்றி சாரின் குரல் மாறிவிட்டது.

"சொன்னா வேல போயிடும்னு சார்."

"இப்ப மட்டும் எதுக்குச் சொல்றீங்க?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணு என்னப் பத்தி இவ்வளவு நல்லதாச் சொல்லுது. அதக் கேட்டுக்கிட்டு வாய மூடி உக்காந்திருக்க முடியல சார்."

அந்த இரண்டு மாதமும் ஜன்னல் தட்டப்படவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை என்றுகூடச் சொல்லிவிட முடியாது. கவனித்தேன். சந்தோஷப்பட்டேன். 'இப்பல்லாம் தொல்லை இல்ல, வேலை மளமளன்னு ஓடுது' என்று வீட்டில் வந்து சொன்னேன். ஏன் தட்டவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

என் மேல் வந்த கோபத்தையும் சேர்த்து மேஜைக்கு அந்தப் பக்கம் கொட்டினேன்.

"என்ன சார் பாக்கறீங்க? இவரு வாயக் கட்டுனது உங்க நோட்டீஸ்தான். சந்தேகப்பட்டா மார்க்கு போகும்னா எவன் சந்தேகப்படுவான்? நட்சத்திரம் குத்துனீங்களே, அந்த ஆளு ஒரு நாளாவது ஒரு குழலக் கையில எடுத்திருப்பாரா? உண்மையச் சொன்னது இந்த மனுஷன் ஒருத்தர்தான். இவரக் கேட்டா எங்களயும் கேளுங்க. ஒம்பது செட்டயும் கட்டுனது நான்!"

"மேடம், குரலக் கொஞ்சம்..."

"கொறைக்க முடியாது!"

போனை வைத்துவிட்டு டாக்டரம்மா, "இவர் எழுதி வெக்கலன்னா நாம இப்ப எதத் தேடுறதுன்னே தெரிஞ்சிருக்காது" என்றார். அதை நன்றி சார் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். என்ன எழுதினாரோ.

அந்தச் செட்டுகளால் ஆபரேஷன் ஆன ஒன்பது பேரையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். எட்டுப் பேருக்கு ஒன்றுமில்லை. ஒரு பெண் மட்டும், ஆபரேஷன் செய்த முழங்கால் வீங்கி, மறுபடி வந்து படுத்திருந்தார். அந்தச் செட்தான் காரணமா, வேறு ஏதாவதா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அண்ணனின் காகிதம் இருந்ததால் என்ன மருந்து கொடுப்பது என்று சீக்கிரம் முடிவு செய்தார்கள். வீக்கம் இறங்கி, பத்து நாளில் அவர் நடந்து வீட்டுக்குப் போனார்.

அண்ணனுக்கு ஒரே உறையில் இரண்டு காகிதம் வந்தது. ஒன்று மாற்றல் உத்தரவு: கருவிகளை இனித் தொடக்கூடாது, படுக்கை விரிப்பு வெளுக்கும் பிரிவுக்குப் போக வேண்டும். இன்னொன்று பச்சை அட்டை: 'நேர்மையாக இருந்ததற்கு மனமார்ந்த நன்றி.' கீழே நன்றி சார் கையெழுத்து. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, இங்கே குதிரை நன்றியும் சொன்னது. நீளக் குழல்களை இனிமேல் பளபளா கழுவுவார். சிவப்புச் சீட்டையும் மாற்றி அச்சடித்துவிட்டார்கள். காரணம் என்ற இடத்தில் நாங்களாக எதுவும் எழுத முடியாது. 'கறை', 'துரு', 'உடைப்பு' என்று மூன்று கட்டம் இருக்கிறது, ஒன்றில் கோடு போட வேண்டும். வேலை போகவில்லையே, அந்த மட்டுக்கும் நல்லது என்று சூபர்வைசர் என்னைச் சமாதானம் செய்ய வந்தார். அவர் திரும்பிப் போன வேகத்தைப் பார்த்தால், நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்ததும் ஓட்டமாக அந்தப் பக்கத்து வாசலுக்குப் போனேன். வருகைப் பதிவு இயந்திரத்தில் விரலை வைத்துவிட்டு அவர் வெளியே வந்துகொண்டிருந்தார். நடுவில் சுவர் இல்லை, கண்ணாடி இல்லை. ஒரு நல்ல வார்த்தை சொல்ல இவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"அண்ணே, பதினோரு வருஷம். உங்களாலதான் நான் கட்டுன எந்தச் செட்ட நெனச்சும் பயப்படாம இருந்தேன். நீங்க தட்டுனப்பல்லாம் சலிச்சுக்கிட்டேன். ஒரு நாளும் சொல்லல. ரொம்ப நன்றிண்ணே."

அவர் நின்று முழுசாகக் கேட்டார். அவசரப்பட்டுப் பரவாயில்லை என்று சொல்லிவிடவில்லை.

"நல்ல வார்த்த தங்கச்சி" என்றார். "இத ரெண்டு மாசம் முன்னாடி ஒரு தடவ நீ சொல்லியிருந்தா, அந்த ஒம்பதுக்கும் தட்டியிருப்பேம்மா. மார்க்கு போனா போகுது, இந்தப் பொண்ணுக்குத் தெரியும்னு தட்டியிருப்பேன்."

அவர் குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். எனக்கு அது நன்றாக வரும்.